இரண்டு மதிப்பெண் வினா

அஸ்தம்பட்டியில் ஏப்ரல்.
மின்விசிறி சூட்டைத்தான் பரிமாறுகிறது.
சிவப்புப் பேனா விரலில் வழுக்க
விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பதினேழாவது கேள்வி:
நீர்ப்பிரி மேடு – வரையறு.
விடைக்குறிப்பில்,
இரு ஆற்று வடிநிலங்களைப் பிரிக்கும் உயர்நிலம்.
காலையிலிருந்து பார்த்த அத்தனை தாளிலும்
அதே வரி, அதே எழுத்துப்பிழை.

இந்தத் தாளில் மட்டும்
மை பரவிய கோணல் எழுத்து:
"எங்க வீட்டு ஓட்டு முகடு.
இந்தப் பக்கம் விழுற மழை எங்க வாசலுக்கு.
அந்தப் பக்கம் சித்தப்பா வாசலுக்கு.
சித்தப்பா பேசி மூணு வருசம்.
மழை ஒண்ணுதான்."

நிமிர்ந்தேன்.
சன்னல் கம்பிகளுக்கிடையே சேர்வராயன்,
புழுதியில் பாதி அழிந்து.
தெற்கே இறங்கும் தண்ணீர்
திருமணிமுத்தாறாகிச் சாயமும் சாக்கடையும் சுமந்து
காவிரிக்குப் போகும்.
வடக்கே வழிவது வாணியாறு,
அது தென்பெண்ணைக்கு.
ஒரே மேகத்தின் பிள்ளைகள்
கடலில் பார்த்துக்கொண்டால் உண்டு.
பதினெட்டு வருடமாக
இதைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன்,
அம்புக்குறி போட்டு.

"எடுத்துக்காட்டு மட்டும்தானே மிஸ்,
ஒண்ணு போடுங்க" என்றார்
பக்கத்து மேசை ஃபிலோமினா,
தன் கட்டிலிருந்து கண் எடுக்காமல்.

இரண்டு போட்டேன்.
பக்கம் பக்கமாய்ப் புரட்டிக் கூட்டினேன்.
சந்தேகம் வந்து மறுபடியும் கூட்டினேன்.
முப்பத்தைந்து.

ஒன்று போட்டிருந்தால்
இந்தத் தாள்
அந்தப் பக்கம் உருண்டிருக்கும்.