விடுப்புக் கடிதம்

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில்
எல்லாருக்கும் எப்போதும் காய்ச்சல்தான்.
பாடநூலின் இங்கிலீஷ் கடிதத்தில்
வேறு நோய் கிடையாது.

இந்தத் திங்கள்
மாதேஸ்வரி சொந்தமாக எழுதினாள்:
பாலக்கோடு மண்டியில் கிலோ மூன்று ரூபாய்.
வண்டி வாடகைக்கே காணாது.
பறித்ததை ஏரிக்கரையில் கொட்டினோம்.
நானும் கூடை தூக்கினேன்.
ஆகவே வரவில்லை.

ஐந்து வரிக்கு இரண்டு ராத்திரி.
கொட்டுவதற்கு
அகராதியில் நாலு சொல் இருந்தது;
பால் ஊற்றுகிற சொல்லை எடுத்துக்கொண்டாள்.

"காய்ச்சல்னே போட்டிருக்கலாம்டி"
என்றாள் பக்கத்து பெஞ்சு ரூத்.

தில்ஷாத் டீச்சர்
வேறெதிலும் கை வைக்கவில்லை.
தக்காளி ஒன்றுக்கு மேல் போனால்
கடைசி எழுத்துக்கு முன்
ஓர் 'ஈ' வரவேண்டுமாம்.
விட்டுப்போனதைச்
சிவப்பு மையில் உட்காரவைத்தார்.

மாதேஸ்வரி அதையே பார்த்தாள்.

ஏரிக்கரையில்
அதற்கொன்றும் குறைச்சலில்லை.