கையை எடுத்தபின்

மல்லாவிச் சந்தியில்
உரக்கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவே ஓர் அறை.
மூன்று ரீவி, மூன்று பெட்டி, ஆறு கொன்ரோலர்.
மணிக்கு நூற்றைம்பது ரூபாய்.
கொம்பனியின் பெயரைக் கதவில் நான்தான் எழுதினேன்,
நீலப் பெயின்ரால், என் பெயரைவிடப் பெரிதாக.
என் பெயர் அடியில்:
செ. நிரோஜினி, உரிமையாளர்.

ஆவணியில் ஒருநாள்
திரையில் ஒருவன் தானாக நடக்கத் தொடங்கினான்.
பந்து வலப்பக்கம் கிடக்க
பச்சைச் சட்டைக்காரன் இடப்பக்கம் போனான்,
பின்னேரம் பட்டிக்குத் திரும்பும் மாடுபோல,
கோட்டைத் தாண்டி, மூலைக் கொடியைத் தாண்டி.
"அக்கா, இவன் சொல்லுக் கேக்கிறானில்லை."
பஞ்சில் ஸ்பிரிற் தோய்த்துத் துடைத்தேன்.
இரண்டு நாள் கேட்டான். மூன்றாம் நாள்
மறுபடி இடப்பக்கம்.

கொம்பனிக்கு எழுதினேன்.
பொருளில் பிழை இல்லையாம்.
தூசி கூடிய இடத்தில் பாவித்திருக்கிறேனாம்.

தூசி.
மாங்குளம் றோட்டில் நாள் முழுக்க ரிப்பர் ஓட
எங்கள் பல்லுக்குள்ளும் அதுதான்.

புரட்டாதியில் ஓர் அப்டேற்.
இரவு ஏற்றினேன். விடிய
ஒரு பெட்டி கண் திறக்கவில்லை.
மற்ற இரண்டும்
நாளுக்கொருக்கால் இன்ரநெற்றுக்கு வந்து
கையெழுத்து வை என்றன,
காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்
வயிற்றுக்குள் இருக்க.
என் மச்சான் இரண்டு வருசம் அப்படி வைத்தவர்,
வேறு இடத்தில், வேறு காரணத்துக்கு.
பெட்டியைப் பார்த்து அவர்தான் முதலில் சிரித்தார்.
எங்கள் ரவருக்கு மழை ஒத்துக்கொள்ளாது.
ஐப்பசி முழுக்கக் கையெழுத்து விழவில்லை.

பழியை எங்கே இறக்குவது?
கொம்பனி எந்தத் திசையில் இருக்கிறதென்று
இந்தச் சந்தியில் யாருக்குத் தெரியும்?
தெரிந்த முகம் என்னுடையது.
"ஓடின நேரத்துக்குத்தான் காசு" என்று
யதுசன் எழுபது ரூபாயை மேசையில் வைத்தான்.
எடுத்துக்கொண்டேன்.
வவுனிக்குளத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன்,
பிறகு வரவில்லை. துணுக்காயில்
கரம் போர்ட் போட்டிருக்கிறார்களாம்.
கரம் போர்ட்டுக்கு அப்டேற் வராது.

பிளேட் எடுத்துக் கதவைச் சுரண்டினேன்.
முதலெழுத்து மட்டும் போகமாட்டேன் என்றது.

மாசியில் ஒரு வீடியோ.
கழுத்துப்பட்டி கட்டாத பெரிய மனிதர் ஒருவர்
தவறு எங்களுடையது என்றார்.
மாற்றித் தருகிறோம், காசு வேண்டாம்,
இனிக் கையெழுத்தும் வேண்டாம் என்றார்.
எங்களுக்கு அறிவித்தல் பழக்கம்.
மன்னிப்புத்தான் பழக்கமில்லை,
அதை எந்தக் கையால் வாங்குவது?
போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு
கடை கூட்டினேன்.

பங்குனியில் பார்சல் வந்தது.
செத்த பெட்டி உயிரோடு,
யதுசன் பாதியில் விட்ட பதினெட்டாவது மட்சும்
அப்படியே உள்ளே.
கொன்ரோலர் ஆறு இருக்கவேண்டும். ஐந்துதான்.
ஆறாவது வரும் புதன்கிழமை என்று ஒரு துண்டு.
இதுதானே என்று நினைத்தேன்.

புதன்கிழமை வந்தது,
கொன்ரோலரும் வந்தது.
வீடியோ செய்யாததை
அந்தப் புதன்கிழமை கொஞ்சம் செய்தது.

யதுசனுக்குச் சொல்லியனுப்பினேன்.
தனியே வரவில்லை, நாலு பேரோடு வந்தான்.
இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.
ஆட்டத்தைத் தொடக்கி
கொன்ரோலரை மேசையில் வைத்தான்.
"எல்லாரும் கையை எடுங்கோடா."

பத்து நிமிடம்.
மின்விசிறிச் சத்தம்.
நடுக்கோட்டில் பச்சைச் சட்டைக்காரன்,
தோள் மட்டும் மூச்சில் ஏறி இறங்க.
மற்றப் பக்கம் ஒரு கோல் அடித்தது.
இரண்டு. மூன்று.
ஒருத்தரும் தொடவில்லை.
வெளியே உரலொறி வந்து நின்றது,
ஒருத்தரும் திரும்பவில்லை.
ஆறு பேர் சுவாசத்தைப் பிடித்துக்கொண்டு
ஒன்றும் நடக்காததைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு கோல் வாங்கினோம்.
அவன் நின்ற இடத்தில் நின்றான்.

யதுசன் நூற்றைம்பதை எண்ணி வைத்தான்,
விளையாடாமலே.
"நாளைக்கும் ஒருக்காப் பாப்பம்."

பெயின்ற் ரின்னின் மூடி இறுகிப்போய்க் கிடக்கிறது.
நான் இன்னும் திறக்கவில்லை.