அளந்து போட்டது

மூன்றாவது துளையில், நான்கு மீட்டரில்,
மண் நிறம் மாறியது.
பழுப்பு போய் சாம்பல் பச்சை.
மண்ணை மூக்கருகே கொண்டுபோகக் கூடாது
என்று விதி இருக்கிறது.
கொண்டுபோனேன்.
முப்பத்தைந்து வருடப் பழைய பெட்ரோல்
இன்னும் லேசாக இனித்தது.

சஸ்காட்செவன். ரயில் நிற்பதை விட்டுவிட்ட ஊர்.
ஹாலிக் பெட்ரோல் நிலையம் என்று
பலகையில் பாதி எழுத்து மிச்சம்.
எதிரே தானியக் கோபுரம்,
அதற்கப்பால் வெங்காயக் கூரை போட்ட தேவாலயம்.
நிலத்தை விற்க வேண்டுமாம்.
வங்கி முதலில் மண்ணைக் கேட்கிறது.
அதனால் நான்.

துளையிடும் வண்டி க்ளெம் லாரோக்குடையது.
குழாய் இறங்கும் சத்தத்தைக் கேட்டே
களியா மணலா சொல்லிவிடுவார்.
மற்றபடி பேச்சில்லை.
காலையில் ஒரு தடவை மட்டும்,
இயந்திரத்தைப் பார்த்தபடி:
"இங்கே வேலை பார்த்திருக்கேன்.
பதினெட்டு வயசில். நாலு மாசம்."

நேற்றுப் பதித்த கிணற்றுக்குள்
அளவுநாடாவை இறக்கினேன்.
தண்ணீரைத் தொட்டால் விட்டுவிட்டு ஒலிக்கும்.
பெட்ரோல் என்றால்
மூச்சு விடாமல் ஒரே ஓலம்.
மூன்று மில்லிமீட்டர் தூரத்துக்கு
அது ஓலமிட்டது,
பிறகு விட்டுவிட்டு.

மதியம் ஹாலிக்கின் மகள் ஒரிஸ்யா
ஒரு தக்காளிப் பெட்டி நிறைய நோட்டுகள் கொண்டுவந்தாள்.
"அப்பா எதையும் எறியமாட்டார். உதவுமா பாருங்க."
தினமும் தொட்டிக்குள் குச்சி விட்டுப் பார்த்த கணக்கு.
இருந்தது, விற்றது, இருக்க வேண்டியது, குறைவு.
நீல மையில் அழகான கையெழுத்து.

1988 பிப்ரவரி. குறைவு எட்டு லிட்டர்.
மறுநாள் ஒன்பது.
மார்ச் முழுக்க ஒன்பது, ஒன்பது, பத்து.
ஓரத்தில்: பையனைக் கவனிக்கணும்.
மே நான்கு: பையனை நிறுத்தியாச்சு.
மே ஐந்து. குறைவு ஒன்பது லிட்டர்.
மே ஆறு. ஒன்பது.
ஓரத்தில் ஒன்றும் இல்லை.
ஜூன், ஜூலை, அடுத்த வருடம், அதற்கடுத்தது,
ஒரு நாளும் தவறாமல் எழுதியிருக்கிறார்.
தொட்டியை மாற்றிய 1991 ஜூன் வரை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இவர் மண்ணில் போட்டார்.
அளந்துதான் போட்டார்.

அந்தப் பக்கத்தைத் திறந்து
வண்டியின் முகப்பில் வைத்து
காற்றுக்குப் பறக்காமல்
ஒரு களிமண் துண்டை மேலே வைத்தேன்.
க்ளெமைக் கூப்பிடவில்லை.
காபிக் குடுவையும் அங்கேதான் இருந்தது.

காத்திருந்த நேரத்தில் கணக்குப் போட்டேன்.
இங்கே நிலத்தடி நீர்
நாளுக்கு இரண்டு சென்டிமீட்டர் நகர்கிறது.
அந்த வேகத்தில் பெட்ரோல் இந்நேரம்
தபால் நிலையத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.
தாண்டவில்லை.
நாற்பதாவது மீட்டரில் எடுத்த மண் சுத்தம்.
கண்ணுக்குத் தெரியாத ஏதேதோ உயிர்கள்
வழியிலேயே தின்று தீர்த்திருக்கின்றன.
திருடன் என்ற பேச்சை
தின்ன ஒன்றும் வரவில்லை.
அது பக்கத்து ஊர்களுக்கும் போய்
வேலை கேட்டு நின்றவனுக்கு முன்னால் நின்றது.
கடைசியில் வடக்கே, எண்ணெய் வயல்களில்தான்
பேர் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்களாம்.
(இதை ஒரிஸ்யா சொன்னாள்.
யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்று தெரியாமல்.)

அவர் வந்தார். காபி ஊற்றினார்.
படித்தார்.
களிமண் துண்டை நகர்த்திவிட்டு
அடுத்த பக்கத்தையும் படித்தார்.
காபி ஆறி, மேலே ஓர் ஆடை படிந்தது.

நான் மாதிரிக் குப்பிகளை நிரப்பிக்கொண்டிருந்தேன்.
விளிம்பு தளும்ப நிரப்பி, மூடி,
தலைகீழாகக் கவிழ்த்துத் தட்ட வேண்டும்.
ஒரு குமிழி இருந்தாலும்
ஆவி அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும்,
ஆய்வகத்தில் அளவு குறைத்துக் காட்டும்.
இரண்டு முறை தவறவிட்டேன்.

"மொத்தம் எவ்வளவு?" என்றார்.
"உத்தேசமாகப் பதினோராயிரம் லிட்டர்."

அவர் பம்பு மேடையைப் பார்த்தார்,
சைக்கிள் சாத்தி வைக்கும் சுவர் இருந்த இடத்தைப் பார்த்தார்.
"அவ்வளவையும்
நான் எங்கே வெச்சிருப்பேன்னு நெனச்சார்?"

பதில் இருக்கிற மாதிரி
சற்று நேரம் நின்றார்.
பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு
நான்காவது துளைக்கு
வண்டியைப் பின்னால் எடுத்தார்.