ஒன்றாம் கால்

இருபது பலகைகளும் ஒரே பின்னேரத்தில் புகைந்தன,
கரடிப்போக்குச் சந்தியில், கரண்ட் திரும்பி
மின்விசிறி முனகத் தொடங்கிய நேரம்.
இரணைமடு வாய்க்காலில் நீர்மட்டம் அளக்கவென்று
கமக்காரர் சங்கம் காசு தந்த கருவி.
அது அளந்தது எங்கள் முகங்களை மட்டுமே.

யாரிலும் பிழையில்லை. அதுதான் வயிற்றைப் பிசைந்தது.
சுற்றுப்படம் நிரோசனுடையது: அவன் நூலகத்தில்
டயோட்டின் ஒன்றாம் கால் கதோட்.
பலகை என்னுடையது: என் நூலகத்தில்
ஒன்றாம் கால் அனோட்.
இருவரும் ஒன்று என்றே எழுதியிருந்தோம்.
இரண்டு நேர்மையான ஒன்றுகளுக்கு நடுவே
செம்பு கருகிக் கிடந்தது.

குயின்ரஸ் சிரித்தான். அவனிடம் ஒரு கடன் கொப்பி,
கடன் எழுதாதது.
சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாடிய நாளிலிருந்து
அவன் கழற்றிய அத்தனை பாகங்களின் கால்களும் அதில்.
"இந்த டிரான்சிஸ்டரைப் பார்.
அதே இலக்கம், வேற கொம்பனி. கால் தலைகீழ்.
பேருக்கு என்ன மரியாதை?"

அன்றிரவு ஒரு கோப்பைத் திறந்தோம்.
வெறும் எழுத்து. எந்த மென்பொருளும் வாசிக்கலாம்,
எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம்,
எவரும் பூட்டக் கூடாது.
ஒரு பாகத்துக்கு ஒரு வரி.
சுகமான வேலை என்றோம். பதினொரு இரவு சண்டை பிடித்தோம்.
மில்லிமீற்றரா, அங்குலமா?
"ரெண்டும் இருக்கட்டும்," என்றான் நிரோசன்,
"வயலை ஏக்கரில அளக்கிறம், வளவைப் பரப்பில.
சண்டையா நடக்குது?"
"நடக்குது," என்றாள் ஜெசிந்தா,
"கோட்டிலயும் கச்சேரியிலயும்."

ஜெசிந்தா முகமாலையில் ஆறு வருடம் கண்ணி அகற்றியவள்.
இப்போது எங்கள் மேசையில் ஈயம் உருக்குகிறாள்,
அதே குனிவு, அதே மூச்சடக்கம்.
"அங்க கல்லுக்கு இலக்கம் போடேல்லை.
ஒரு முகம் சிவப்பு, ஒரு முகம் வெள்ளை.
சிவப்பு பாக்கிற பக்கம் போகக் கூடாது.
என்ர பாசை தெரியாதவனும்
அந்தக் கல்லை வாசிப்பான்."

ஒன்றையும் இரண்டையும் அழித்தோம்.
காலுக்கு அது செய்யும் வேலையே பெயர்:
அனோட், கதோட், வாயில், புவி.

அவள் அத்தோடு விடவில்லை.
துப்புரவான ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு தாள் இருந்ததாம்:
யார் பார்த்தது, எந்த நாள், எந்தக் கருவியால்,
எவ்வளவு ஆழம் வரை.
"ஆழம் எழுதாட்டி, பார்த்தாச்சு எண்டது பொய்."
ஆகவே இன்னொரு நிரல்.
சில வரிகளில் அதில் 'அளந்தது'.
பல வரிகளில் 'வேறு தாளில் கண்டது'.
மிச்சத்தை வெறுமையாக விடச் சொன்னான் நிரோசன்.
நான் மறித்தேன்.
சுழியம் வேறு, வெற்றிடம் வேறு,
'தெரியாது' மூன்றாவது விடை.
மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் போடச் சொன்ன படிவங்களை
இந்த ஊரில் நாங்கள் நிறைய நிரப்பியிருக்கிறோம்.

குயின்ரஸ் கொப்பியைத் தந்தான்,
நாலு பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு.
அது அவன் சோறு. நாங்கள் கேட்கவில்லை.

மாசியில் ஒரு திருத்தம் வந்தது.
அனுப்பியவரின் பெயரைக் காட்ட எங்கள் கணினியில் எழுத்துரு இல்லை:
ஏழு வெறும் பெட்டிகள்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரி, கால்களின் இடைவெளி
0.95 அல்ல, 0.65.
வேர்ணியரால் அளந்தது. நாளும் இருந்தது.

அது நிரோசனின் வரி.
ஒன்றும் கதைக்காமல் தகரப் பேணியைக் கிளறி
அந்த எள்ளளவு துண்டை எடுத்தான்.
மேசை விளக்கடியில் வைத்து அளந்தான்.
திரும்பவும் அளந்தான்.
தேத்தண்ணி ஆறிய பிறகு இன்னொரு தரம்.

பிறகு 0.65 என்று மாற்றி,
தன் பெயரை அழிக்காமல்
அதன் கீழே
அந்த ஏழு பெட்டிகளையும் அப்படியே சேர்த்தான்.