தட்டிக் கேட்கிற வேலை

ஓலோமோட்ஸ் ரயில் பணிமனையில்
தட்டிக் கேட்பது என் வேலை.
அநியாயத்தைக் கேட்க வேறு ஆட்கள்;
எனக்குச் சக்கரம்.
நீளக் காம்பு போட்ட சுத்தியல் ஒன்று,
அப்புறம் இந்த இரண்டு காது.
நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும்.
உள்ளே விரிசல் ஓடியது
சளி கட்டினவன் குரலில் டொக் என்னும்.
இருபத்திரண்டு வருஷத்தில்
என்னை ஏமாற்றிய சக்கரம் இரண்டு.
மூன்று என்பான் லூமிர். அவன் கணக்கு வேறு.

வீட்டில் ஒரு முயல் வளர்ந்தது.
பெயர் க்னெட்லீக்:
அவித்த மாவுருண்டை.
எங்கள் பக்கம்
முயல்கறிக் குழம்பில் தோய்த்துத் தின்பதும் அதைத்தான்.
வெண்டுலா வேண்டுமென்றே வைத்த பெயர்.
பக்கத்துத் தோட்டத்து ஸ்டிபோருக்கு
அதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பு.
பதினாறு கூண்டில் முயல் வளர்த்து
ஈஸ்டருக்கு முன் உரித்து விற்கிறவர்.
வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து
'அது இப்போது எத்தனை கிலோ?' என்பார்,
வருஷா வருஷம்.

திங்கள் ராத்திரி
என் மடியில் கிடந்து பல்லை அரைத்தான்.
நறநறவென்று, மெல்ல.
காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டால்
சுகத்தில் அப்படி அரைப்பான்.
டிவியில் ஐஸ் ஹாக்கி. சமநிலை.
சொறிந்துகொண்டே இருந்தேன்.
அந்தச் சத்தத்தில்
ஒரு நூலளவு பிசிறு கூடியிருந்தது.
கேட்கத்தான் செய்தது.

செவ்வாய் காலை
பார்ஸ்லித் தண்டை முகர்ந்தான், விட்டுவிட்டான்.
தட்டில் ஒரு புழுக்கை இல்லை.
காது இரண்டும் பனிக்கட்டி.

டாக்டர் ஸ்திஸ்லாவா படம் பிடித்துக் காட்டினாள்.
ஈரலுக்கும் மடல் உண்டாம், காதுக்குப் போல.
அதில் ஒன்று
தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு
ரத்தம் போகாமல் கறுத்துக் கிடந்தது.
ஏன் என்றாள் வெண்டுலா.
'சிலதுக்கு முறுக்கிக்கொள்ளும்.'
எப்போதிலிருந்து என்றேன் நான்.
'சொல்ல முடியாது.
வலியைக் காட்டினால் நரி பார்த்துவிடும் என்று
இதுகளின் ரத்தத்தில் எழுதியிருக்கிறது.
கடைசி வரை காட்டாது.'
எங்கள் வீட்டில் நரி யார்?
அதை நான் கேட்கவில்லை.

நாலரைக்குக் கதவு திறந்தது.
கையுறையைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது.
ரசீது ஒன்பதாயிரத்து இருநூறு கொருனா.
வெண்டுலா எண்ணிக் கொடுத்தாள்,
ஒரே நோட்டை இரண்டு முறை எண்ணினாள்.

ஜனவரி மண்.
என் மண்வெட்டி துள்ளித் துள்ளித் திரும்பியது.
சத்தம் கேட்டு ஸ்டிபோர் கடப்பாரையோடு வந்தார்.
துண்டில் சுற்றியிருந்ததைப் பார்த்தார்.
எடை கேட்கவில்லை.
'எந்த மடல்?' என்றார்.
சொன்னேன்.
தன் கோட்டின் மேல் வலப் பக்கம்
கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.
'ஆயிரம் ஈரல் புரட்டியிருக்கிறேன்.
வெள்ளைப் புள்ளி இருந்தால் தூர எறிவேன்.
முறுக்கினது கண்ணில் பட்டதில்லை.
பட்டிருக்கும். பார்த்திருக்க மாட்டேன்.'
தேவைக்கு மேல் ஆழமாகத் தோண்டினார்.
அடியில் வைக்கோல் பரப்பினார்,
தன் கூண்டுகளுக்கு வாங்கிய புது வைக்கோல்.
பிறகு குழிக்குள்ளிருந்து கை நீட்டி
'கொடு அவனை' என்றார்.

வியாழன் வரை வெண்டுலா அதிகம் பேசவில்லை.
அவன் கடித்த சார்ஜர் வயருக்கு
டேப் சுற்றி வைத்திருந்தோம்,
இன்னும் அதில்தான் போன் ஏறுகிறது.
'அன்றைக்கு ராத்திரி உனக்குக் கேட்டதா?'
ஒரே ஒரு தடவை கேட்டாள்.
ஏதோ சரக்கு ரயிலைச் சொல்கிறாள் போல
ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
இரும்புக்குப் பழகிய இந்தக் காதிலா
ஒரு கைப்பிடி உயிர் பூச்சுற்றிவிட்டுப் போனது?
இல்லை. அவன் சுற்றவில்லை.

வெள்ளி விடியற்காலை,
ப்ரெரோவ் வண்டி, எட்டாவது பெட்டி,
மூன்றாம் அச்சு, இடப் பக்கம்.
தட்டினேன். கணீர்.
குனிந்து காதை ஒட்டிவைத்து
இன்னொரு முறை தட்டினேன்.
கணீர்.
சுண்ணாம்புக் கட்டியால் குறுக்கே கோடு போட்டேன்.
பெட்டியைக் கழற்ற வேண்டும், வண்டி தாமதமாகும்.
லூமிர் ஓடி வந்தான்.
'என்னய்யா கேட்டது?'

'ஒன்றும் கேட்கவில்லை' என்றேன்.