மேற்பரப்பு நேரம்

ரியெக்கா துறைமுகம், மீன் சந்தைக்குப் பின்னே
வண்டிகள் நிறுத்துமிடம்.
பூரா காற்று வெற்றுத் தக்காளிப் பெட்டிகளைத்
தெருவோடு விரட்டிக்கொண்டிருந்தது.
இரண்டு கைக்கடிகாரங்களைக்
கம்பளிக் காலுறைகளில் கொண்டுபோயிருந்தேன்,
காலுறைக்கு ஒன்றாய்,
சண்டைக்காரப் பூனைகளைப் பிரித்து வைப்பதுபோல்.

ஒன்றுக்கு ஆரஞ்சுப் பட்டை. உயரமானி, திசைகாட்டி,
புயல் வருமுன் கூவும் எச்சரிக்கை.
உண்மையில் நனைந்த பிறகுதான் கூவும். அதையும் சொன்னேன்.
மற்றது வெயில் குடித்து உயிர்வாழும்.
கண்ணாடியில் வெலெபித் பாறை போட்ட கீறல்,
பட்டையில் வினிகருக்கும் மசியாத என் வியர்வை வாடை.

யெர்கோ, படகு எஞ்சின் மெக்கானிக்,
பதிலுக்கு நீட்டியது
கறுப்பாய், பிஸ்கட்டைவிடச் சிறிதாய் ஒரு கணினி.
மூச்சடக்கி இறங்குபவர்கள் மணிக்கட்டில் கட்டுவது.
"இதில் யாருடைய செய்தியும் வராது" என்றார்,
அதன் ஒரே நற்குணம் அதுதான் என்பதுபோல்.

முப்பது யூரோ மேலே கேட்டார்.
சார்ஜரை வீட்டில் மறந்து வந்தவள் எப்படி வாதாடுவது?
தபாலில் அனுப்புகிறேன் என்றேன்.
என்ன நினைத்தாரோ, பணம் வேண்டாம் என்றார்.
ஒரு கிலோ ஈயக்கட்டியும் கொசுறாய் என் பைக்குள் விழுந்தது.

ஆரஞ்சைக் கட்டிக்கொண்டு உயரம் பார்த்தார்.
மைனஸ் ஒன்பது.
கனத்த காற்றழுத்தம், நான் திருத்தி வைக்கவில்லை.
காய்ந்த சிமெண்டில், செருப்பில் மீன் செதில் ஒட்ட,
கடலுக்கு ஒன்பது மீட்டர் கீழே நின்றோம் இருவரும்.
நான் சிரித்தேன்.
அவர் தாடையை மெல்ல அசைத்தார், காது அடைத்தவர்போல்.

லுப்லியானா பேருந்தில், போஸ்தோய்னா தாண்டி,
பழைய பதிவுகளைப் புரட்டினேன்.
பிறர் டைரியைத் திறந்த கூச்சம்
இரண்டு நிமிடம் இருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு முழுக்குகள்.
பதினெட்டு மீட்டர், இருபது, ஒரு ஞாயிறு முப்பத்தொன்று,
இடையே சாவகாசமாய் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம்.
கடைசி நாள் மட்டும் வேறு கை எழுதியதுபோல்:
ஒரே மாலையில் பதினொரு முறை,
பதினொன்றும் இருபத்து நான்கு மீட்டர்.
நடுவே மூச்சு வாங்க நாற்பது நொடி. முப்பது நொடி.
பிறகு பதினான்கு மாதம் ஒன்றுமில்லை.

சார்ஜர் போய்ச் சேர்ந்த அன்று எழுதினார்:
"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு மீட்டரில்
நான்கு மணி பத்து நிமிடம் நகரவேயில்லை. தூங்கினீர்களா?"
முழங்கால் உடைந்தது. மூடுபனியில் ஹெலிகாப்டர் வரவில்லை.
விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.
இனி நானும் கேட்கலாம், கணக்கு நேர்:
"அந்தப் பதினொன்று?"

மறுநாள் வந்தது:
"நங்கூரம். கழன்று விழுந்துவிட்டது."
கிடைத்ததா என்று தட்டினேன். அழித்தேன்.
நல்ல நங்கூரம் விலை அதிகம்தான் என்று அனுப்பினேன்.

மலை இறங்க மறுத்த முழங்கால்
தண்ணீரில் ஒரு குறையும் சொல்லவில்லை.
ஜூன், பொஹின்ய் ஏரி, மிதவையில் தோழி ப்ரீனா.
கயிற்றில் ஆறு மீட்டர் முடிச்சுவரை போனேன்.
ஐந்து புள்ளி எட்டு என்றது கணினி,
இன்னும் உப்புநீர்க் கணக்கிலேயே.
மேலே வந்து, இருமி, மூக்கைச் சிந்தியபோது
ஆழம் அழிந்து இன்னொரு எண் ஓடத் தொடங்கியிருந்தது:
மேற்பரப்பு நேரம்.
மலைக் கடிகாரங்கள் இதை எண்ணியதே இல்லை,
சும்மா மூச்சு விடுவதை.

ஓய்வு போதாமல் மறுபடி தலைகுப்புற இறங்கினால்
அலற ஒரு மணி உண்டு என்றது கையேடு.
தேடினேன். ஐந்தாம் பட்டியலின் அடியில்
அணைத்து வைக்கப்பட்டிருந்தது.
விரல் விறைத்து, இரண்டு முறை தவறான பொத்தான்,
மூன்றாம் முறை இயங்கியது.

இன்னொன்று போகிறாயா என்றாள் ப்ரீனா.
இரு, என்றேன்.
இன்னும் நாற்பது நொடி இருக்கிறது.