எட்டில் ஒன்று

வாப்பா மவ்த்தாகி நாற்பத்தோராம் நாள்.
கத்தம் ஓதிய சஹன்கள் காயுமுன்பே
றிபாய்தீன் காக்கா பேச்சை எடுத்தார்.
நிந்தவூர் மேற்கு வட்டையில் எட்டு ஏக்கர்,
வாய்க்காலோரம், இரண்டு போகமும் விளையும் காணி.
"ராத்தாமாருக்கு வீடு குடுத்தாச்சு.
சின்னவளுக்கு இந்த வீடு.
வட்டை எங்க ரெண்டு பேருக்கும்."

நான் தலையாட்டினேன்.
டோஹாவுக்கு ஞாயிறு டிக்கட்.
நாலு ஏக்கர் என்பது நல்ல எண்.

கறிச்சட்டி கழுவிய ஈரக் கையோடு
ஹிஸ்மியா வந்து நின்றாள்:
"கணக்குப் பாத்தீங்களா காக்கா?"

பதினோராம் ஆண்டுக்காரி.
காலையில் பாடசாலை, அஸருக்குப் பின் மத்ரஸா,
இஷாவுக்குப் பின் கணித டியூஷன்.
எடுத்து வந்தது இஸ்லாம் பாடக் கொப்பி.
'வாரிசுரிமை' என்ற தலைப்பின் கீழே
அடிமட்டம் வைத்துக் கோடிட்ட பின்னங்கள்.
கணித பாடத்துப் பொ.ம.சி.யைக்
கேட்காமலே இங்கே இறக்கியிருந்தாள்.

"பிள்ளைகள் இருந்தா மனைவிக்கு எட்டில் ஒண்டு.
மிச்சம் எட்டில் ஏழு.
ஆம்பிளைக்கு ரெண்டு பங்கு, பொம்பிளைக்கு ஒண்டு.
நீங்க நாலு, நாங்க மூணு. கூட்டினா ஏழு.
உம்மாக்கு ஒரு ஏக்கர்.
எங்களுக்கு ஒவ்வொண்டு. உங்களுக்கு ரெண்டு ரெண்டு.
மீதி வராது."

பிறகு, யாரும் கேட்காமலே:
"ஏன் ரெண்டுக்கு ஒண்டு எண்டு டீச்சர்ட்ட கேட்டன்.
அடுத்த பாடவேளை சொல்றன் எண்டாங்க.
இன்னும் சொல்லல்ல."

காக்கா சிரித்தார்.
"வீடு எடுத்தவங்களுக்கு வட்டையுமா?
ஊர் வழக்கம் தெரியாதா?"
"வீடு வாப்பா உசிரோட குடுத்தது.
அது இதுக்குள்ள சேராது."
ராத்தாமார் இருவரும்
களவு பிடிபட்டவர்கள் போலச் சுவரைப் பார்த்தார்கள்.

இந்தக் கொப்பியை எனக்கு முன்பே தெரியும்.
அந்த ஏப்ரலுக்குப் பிறகு
அரபு எழுத்தைத் தேடி வீடு வீடாக வந்தார்கள்.
உம்மா போனில் அழுதழுது சொன்னா:
பக்கத்தின் உச்சியில் பிஸ்மியைக் கண்டதும்
அதிகாரி கொப்பியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாராம்.
இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாராம்.
பாடசாலையில் படித்த சிங்களத்தில்
இவள் ஒரே சொல் சொன்னாளாம்: "பாக."
அவர்கள் பின்னத்துக்குச் சொல்வது.
நாங்கள் பங்குக்குச் சொல்வதும்
அரை எழுத்துத் தள்ளி அதுவேதான்.
அவர் விரல் வைத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறார்.
"ஹரி" என்று திருப்பித் தந்திருக்கிறார்.
ஓதுகிற கிதாபுகளை மட்டும்
உரப்பையில் கட்டிக்கொண்டு போனார்கள்.

"ஆனா," என்றாள் ஹிஸ்மியா, பக்கத்தைப் புரட்டி,
"இதுக்கெல்லாம் முதல் கடன்.
வாப்பாட கடன் எவ்வளவு?"

மின்விசிறிச் சத்தம் மட்டும்.
காக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.
காரைதீவில் தவேந்திரராசாவின் உரக்கடை,
இரண்டு போகத்து யூரியா,
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
ஜனாஸா அன்று அவர் கேற்றடியில் நின்றார்.
சட்டைப் பையில் துண்டு இருந்திருக்கும்.
எடுக்கவில்லை.
ஏப்ரலுக்குப் பிறகு இரண்டு ஊரும்
ஒன்றையொன்று கேட்பதைக் குறைத்திருந்தது.

தொகையைச் சொன்னேன்.
அவள் பென்சிலால் எழுதினாள்.
எட்டு எட்டாக நிற்கவில்லை அதன்பிறகு.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன்.
டிக்கட் மாற்றிய தண்டத்தை யார் பங்கில் போடுவது?
கொப்பியில் அதற்கு விடையில்லை.
தவேந்திரராசா எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார்.
பேரேட்டில் வாப்பாவின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம்.
"தங்கச்சிக்குச் சோதனை எப்ப?" என்றார்.
டிசம்பர் என்றேன்.

உறுதியில்
காக்கா இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.